நொத்தாரிசு கதிரித்தம்பிக்கு ஒரு முகம்

1

“…அப்ப அந்தத் தாடிக்காரன் ஆரெண்டு தெரிஞ்சாப் பிறகும் திறக்கத்தான் போறியள்?”

“மெல்லக் கதை தேவி. பஸ்ஸுக்குள்ளை இருக்கிறம்.”

“பஸ்ஸிலை இருக்கிறவைக்கும் தெரியட்டுமன். சிலையாக் கொண்டுவந்து வைச்சா எல்லாருக்கும் தெரியத்தானே போகுது.”

“ஒண்டும் தெரியாது. சனம் பேரைத்தான் பாக்கும். மூஞ்சையை ஆர் பாக்கினம்?”

“நான் பாக்கிறன். இருவத்தைஞ்சு வரியமா நான்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். விடிய எழும்பிப் பூ வைக்கிறது நான்.”

“அப்ப இன்னும் நல்லது. பூ வைச்சுப் பழகின மூஞ்சை.”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகிற பஸ். எனக்கு முன் சீற்றில் ஒரு அக்காவும் அவவின் தமையனும். பண்ணைப் பாலத்தில் தொடங்கிய சண்டை வேலணை தாண்டியும் ஓயவில்லை. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது கீழே பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்த பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாலும் கேட்டிருக்கும்.

அவர்கள் சரவணையில் இறங்கிவிட்டார்கள். சண்டை இறங்கவில்லை. என்னோடு ஊர்காவற்றுறை வரை வந்து, வீட்டுக்கும் வந்து, இன்றைக்கும் போகமாட்டேன் என்று நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். தமையன் கனடாவிலிருந்து வந்திருக்கிறார். ஊர் வாசிகசாலைக்கு முன்னால் அவர்களுடைய பூட்டனுக்கு, பாட்டனின் தகப்பனுக்கு, சிலை வைக்கப்போகிறார்கள். சிலை செய்யக் கொடுத்த படத்தில் இருப்பது பூட்டன் இல்லை. செத்து நூறு வருசத்துக்கு மேலான ஒரு அமெரிக்க வழக்கறிஞர். மிச்சமெல்லாம் நான் கட்டினது. தமையனுக்கு அரியநாயகம் என்றும் தங்கைக்கு சரோஜினிதேவி என்றும் பெயர் வைத்ததும் நான். கேட்டது எங்கே முடிந்து கட்டினது எங்கே தொடங்குகிறது என்று இப்போது எனக்கே பிடிபடவில்லை.

2

முதல் தரம் அமெரிக்காவில் தொடங்கிப் பார்த்தேன்.

‘பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹைரம் டோலன் என்ற இளம் வழக்கறிஞன் தன்னிடமிருந்த இரண்டே இரண்டு சட்டப் புத்தகங்களையும் சேணப் பைக்குள் திணித்துக்கொண்டு, மேற்குத் திசையில் தன் குதிரையை’

[விட்டுவிட்டேன். நான் பனியைக் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த பனி ஊர்காவற்றுறையில் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ்தான். எவ்வளவு எழுதினாலும் டோலன் மீன் மணக்கிறார்.]

இரண்டாம் தரம்: ‘தீவகத்தின் காணி வரலாற்றில் நொத்தாரிசுமாருக்கு ஒரு தனியிடம் உண்டு. அவர்கள் எழுதிய உறுதிகள்’

[இது கட்டுரை. ஒருவரும் வாசிக்கமாட்டீர்கள். நானும் வாசிக்கமாட்டேன்.]

மூன்றாம் தரம் ஒரு படத்தில் தொடங்கினேன். அது கொஞ்சம் நின்றது.

3

சரோஜினிதேவி யுத்தத்தில் ஊரைவிட்டு எழும்பி, பல இடம் அலைந்து, திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு நிலைகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவர் அலுமாரிக்குள் கறையான் தின்ற புத்தகக் கும்பிக்கு அடியில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சின்னப் படம் மட்டும் தப்பிக் கிடந்தது. கோட்டு. கழுத்தில் கறுப்புப் பட்டி. நெஞ்சு வரை தாடி.

அவவின் பூட்டன் கதிரித்தம்பி நொத்தாரிசு. ஊராருக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவர். வாசிகசாலை நிற்கிற காணி அவர் தர்மமாகக் கொடுத்தது. அந்த வீட்டில் கோட்டுப் போட்டுப் படம் எடுக்கக்கூடிய ஆள் வேறு யார்? அவரை நேரில் கண்ட ஒருவரும் உயிரோடு இல்லை. நிறம் இடித்தது. ‘பூட்டன் நல்ல வெள்ளையாம்’ என்று ஒரு மாமி சொன்னா. அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.*

பூட்டியின் படம் ஒன்று, மாத்தறையில் கடை வைத்திருந்த உறவுக்காரரிடம் இருந்தது. சரோஜினிதேவி இரண்டையும் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தா. சேர்ந்து ஒரு படம் எடுக்காமலே செத்துப்போன புருசன் பெண்சாதியைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திச் சோடிப் படம் செய்து தருவார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிச் சோடி சேர்ந்தவர்கள் கனபேர். ஸ்ரூடியோக்காரர் கெட்டிக்காரர். பூட்டியின் சேலைத் தலைப்பு தாடிக்காரரின் கோட்டுக் கையில் படுகிற மாதிரிச் செய்துவிட்டார்.

அந்தப் படத்தின் பிரதிகள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் லண்டனுக்கும் போயின. பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். யாருக்காவது கொஞ்சம் அடர்த்தியாகத் தாடி முளைத்தால் ‘நொத்தாரிசற்ற தாடி’ என்றார்கள்.

(* அமெரிக்கரின் படம் சரவணைக்கு எப்படி வந்தது? எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அமெரிக்கன் மிசன்காரர் இந்தப் பக்கம் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் தன் ஊர்ப் பெரிய மனிசனின் படத்தை, சட்டம் தெரிந்த ஆள் என்று கதிரித்தம்பியாருக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கு அதற்கு மேல் ஓடவில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றி எழுதுகிறேன்.)

4

அரியநாயகத்தின் மகள் கஜாலினி கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறா. கலியாணப் பதிவுக்காக அந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறா. மாப்பிள்ளையும் பக்கத்தில். படியேறி உள்ளே போனால், எதிர்ச் சுவரில் பூட்டன்.

அந்தப் பிள்ளைக்கு யோசிக்க நேரமில்லை. கை தானாகக் குவிந்துவிட்டது.

“என்ன செய்யிறீர்?” என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார்.

“எங்கட பூட்டன்.”

மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எழும்பி வந்து, நீங்கள் டோலன் ஐயாவின் உறவோ என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறா.

அன்றைக்கே கஜாலினி மாமி சரோஜினிதேவிக்கு வட்ஸ்அப்பில் எடுத்தா. தகப்பனுக்கு எடுக்கவில்லை.

“மாமி, பூட்டனுக்கு அமெரிக்காவிலை சகோதரம் ஆரும் இருந்தவையோ?”

“உனக்கென்ன விசரே பிள்ளை? பூட்டன் கடல் தாண்டினதெண்டா உந்தப் பக்கத்திலை காரைநகருக்குத்தான்.”

“அப்ப இந்தப் படத்தைப் பாருங்கோ. அப்பாவுக்குக் காட்டாதேங்கோ. அவர் அழிச்சுப்போட்டு, நீ அனுப்பவே இல்லை எண்டு சொல்லிப்போடுவார்.”

சரோஜினிதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. கோட்டு, பட்டி, தாடி, இடது புருவத்தில் தூக்கலாக நின்ற மயிர் வரை அதே ஆள். பக்கத்தில் பூட்டி இல்லை. அதுதான் ஒரு வித்தியாசம்.

5

டோலனைப் பற்றி இனி வருவதெல்லாம் கஜாலினி அந்த ஊர் நூல்நிலையத்தில் வாசித்து மாமிக்குக் குரல் பதிவாக அனுப்பியது. (அப்படி வைத்திருக்கிறேன். நான் அங்கே போனவன் இல்லை. அந்த ஊரும் நான் உண்டாக்கின ஊர்தான்.) சரோஜினிதேவி குசினியில் கறி கூட்டிக்கொண்டே கேட்டா.

ஆளை முதலில் அவவுக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுத வேண்டும்.

டோலன் ஏழை வீட்டுப் பிள்ளை. இரவல் புத்தகத்தில் சட்டம் படித்தவர். குடியேறிகள் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்த எல்லைப்புறம் அது. நீதிமன்றம் என்று ஒரு கட்டடம் இல்லை. பலசரக்குக் கடைக்குள் மாப் பீப்பாவின் மேல் நீதிபதி இருப்பார். வழக்கு முடியும் வரை கடைக்காரன் சாமான் நிறுக்கக்கூடாது. நீதிபதி அடுத்த ஊருக்குக் குதிரையில் போனால், வழக்கறிஞர்களும் பின்னால் போவார்கள். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுத்து, விடிய எழும்பி ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து வாதாடுவார்கள்.

ஒரு விதவையின் கிணற்றை அயலவன் தன்னுடையது என்று சத்தியம் செய்தான். டோலன் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தண்ணீர் அள்ள எத்தனை முழக் கயிறு விட வேண்டும்? அவன் முழித்தான். விதவை இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். தீர்ப்புச் சொல்ல இருந்த யூரிமார் போய்க் கயிறு விட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

“ஆள் கெட்டிக்காரன்தான்,” என்று சரோஜினிதேவி கறிக்கு உப்புப் பார்த்தா.

அந்தக் கிணறு டோலனைச் சட்டசபைக்குக் கொண்டுபோனது. ஆற்றுக்குப் பாலம் போட்டார். பள்ளிக்கூடம் கட்டினார். மாவட்ட நீதிமன்றத்தைத் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஒருதரம் கட்சி மாறித் தோற்று, அடுத்த தரம் வென்றார். பிள்ளைகளுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

அடுத்த பதிவில் கஜாலினியின் குரல் இறங்கியிருந்தது.

ஆற்றங்கரையில் பரம்பரையாக இருந்தவர்கள் அந்த மண்ணின் பழைய சனம். ஒரு குழப்பம் வந்தது. பட்டாளம் வந்து, கொஞ்ச நாளைக்கு எழும்பிப் போங்கள், எல்லாம் அடங்கத் திரும்பி வரலாம் என்றது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் அங்கால் போக, டோலன் சட்டசபையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆளில்லாமல் கிடக்கிற காணியை எவன் வேலி போட்டு உழுகிறானோ அவனுக்கே அது சொந்தம். திரும்பி வந்தவர்கள் வேலியைத்தான் கண்டார்கள். வழக்குப் போட்டார்கள். எதிர்ப்பக்கம் வாதாட எழும்பினவரும் டோலன்தான். வென்றார்.

“மாமி, படத்துக்குக் கீழை என்ன எழுதியிருக்குத் தெரியுமே? இந்த மாவட்டத்துக்கு நிலம் தந்த தந்தை எண்டு.”

சரோஜினிதேவி அடுப்பை நிற்பாட்டினா. அவ திரும்பி வந்தபோது மேற்குப் பக்கக் காணிக்குள் வேறு ஆட்களின் வேலி நின்றது. ‘சும்மா கிடந்த காணிதானே அக்கா’ என்றார்கள். அதுக்காக அவ எத்தனை அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறினா என்று எழுதப் போனால் கதை அந்தப் பக்கம் போய்விடும். பாதிக் காணிதான் திரும்பி வந்தது.

[இந்த இடத்தில் நான் ஒரு பந்தி எழுதினேன்: ‘வயதான காலத்தில் டோலனுக்கு மனம் மாறியது. ஒருநாள் அந்தச் சனத்தில் ஒருத்தருடைய வழக்கை எடுத்து, தான் எழுதிய சட்டத்துக்கு எதிராகவே’ வெட்டிவிட்டேன். அவர் மனம் மாறியதாகக் கஜாலினி ஒன்றும் வாசிக்கவில்லை. இத்தனை வருசம் சரோஜினிதேவி பூ வைத்த மனிசனாச்சே என்று இரங்கி நான் அவரைத் திருத்தப் பார்த்தேன்.]

சரோஜினிதேவி முன்னறைக்குப் போய்ச் சோடிப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தா. திருப்பின பிறகுதான் தெரிந்தது, பூட்டியும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா என்று. அவ என்ன பிழை செய்தவ? திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பினா. அன்றைக்குப் பூ பூட்டியின் பக்கத்தில் மட்டும் நின்றது.

6

அரியநாயகத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் எழுத்தில் அவருக்குத் தடித்த சங்கிலி போட்டு, பெரிய குரலும் கொடுத்து, பகிடிக்கு ஒரு ஆளாக வைத்தேன். பிறகு பஸ் ஞாபகம் வந்தது. அவ்வளவு சண்டைக்குள்ளும் தங்கையின் பையைத் தன் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தார். சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

வந்து இறங்கின அன்றைக்கே தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. அவர் கஜாலினி அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார்.

“ஒரே மாதிரி ஆக்கள் உலகத்திலை இருப்பினம்.”

“கோட்டுப் பொத்தானுமோ அண்ணை?”

அவர் கதிரையை இழுத்துப் போட்டுச் சோடிப் படத்துக்கு முன்னால் இருந்தார்.

“சரி, விடு. அந்த மனிசன் இவ்வளவு காலம் எங்கட பூட்டிக்குப் பக்கத்திலை ஒரு சோலியும் இல்லாமல் இருந்திருக்குது. அதுக்கு ஒரு மரியாதை குடுக்க வேண்டாமே?”

“பூட்டியிட்டைக் கேட்டனீங்களோ?”

“அவன் அங்கை செய்ததுக்கு இஞ்சை என்ன? இஞ்சத்தைச் சனத்துக்கு அவன் ஒண்டும் செய்யேல்லை.”

“காணி குடுத்த மனிசன்ரை பேரைக் கீழை போட்டு, காணி பறிச்சவன்ரை மூஞ்சையை மேலை வைக்கிறதோ? எனக்கு ஏலாது.”

அப்போது அவர் சொன்னதைத்தான் நான் பஸ்ஸில் சரவணைக்குக் கிட்டவாகக் கேட்டேன். அங்கே கேட்டதை இங்கே முன்னறைக்குள் கொண்டுவந்து வைக்கிறேன்.

“இவனை எடுத்தா, அந்த இடத்திலை ஆர் இருக்கினம் தேவி? ஒருத்தரும் இல்லை. நான் குளிருக்குள்ளை வேலைக்குப் போய் வந்து அந்த மூஞ்சையைப் பாத்தனான். பிள்ளையளைக் கூப்பிட்டுக் காட்டினனான். எங்களுக்கும் ஒரு ஆள் இருந்தவரெண்டு சொல்லி வளத்தனான். அவர் இல்லையெண்டா, சரி, பேந்து ஆர்? நீ சொல்லு. உண்மையான பூட்டன்ரை மூக்கு எப்பிடி இருந்தது?”

இந்த இடத்தில் நின்றுபோன கதையைக் கன நாளாகத் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை.

7

நகர்த்தினவர் இராயப்பு.

ஊர்காவற்றுறையில் வேதக் கோயில்களுக்குப் புனிதர்களின் சுரூபம் செய்கிறவர் என்று வைத்திருக்கிறேன். சூசையப்பர், அந்தோனியார், மாதா என்று அவருடைய வளவுக்குள் ஒரு பெரிய குடும்பமே காய்ந்துகொண்டு நிற்கும். பூட்டனின் சிலையையும் அவரிடம்தான் செய்யக் கொடுத்திருந்தார்கள். சரோஜினிதேவி தமையனுக்குச் சொல்லாமல் அங்கே போனா.

“வாங்கோ அக்கா. ஆள் றெடி. தாடி எனக்குக் கைப்பழக்கம். நெத்தியிலை குறி கீறினதுதான் புதுசு.”

சிலையை மூடியிருந்த சாக்கை இழுத்தார். சீமெந்து டோலன் கோட்டுப் போட்டு, நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறியோடு நின்றார். சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் நின்றது.

“இராயப்பு, இது எங்கட பூட்டன் இல்லை.”

அவர் சிலையைப் பார்த்தார். அவவைப் பார்த்தார்.

“குறியும் கீறிப்போட்டனே அக்கா. அப்ப இவர் ஆர்?”

முழுக்கச் சொன்னா. பாலம், கிணறு, வேலி எல்லாம். இராயப்பு கையிலிருந்த சாந்துக் கரண்டியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டார்.

“மூஞ்சையைக் கொத்திப்போட்டுப் புதுசாப் பூசலாம். அது பெரிய வேலை இல்லை. ஆனா எனக்கு ஒரு மூஞ்சை வேணும்.”

“படம் ஒண்டும் இல்லை எண்டுறன்.”

“சூசையப்பருக்கும்தான் படம் இல்லை.”

“அப்ப எப்பிடிச் செய்யிறனீர்?”

அவர் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். “எங்கட அப்பற்ற மூஞ்சையை வைச்சுத்தான். சாமியாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

சரோஜினிதேவி வரிசையாக நின்ற சூசையப்பர்மாரைத் திரும்பிப் பார்த்தா. எல்லாருக்கும் ஒரே மூக்கு.

“நீங்கள் பூட்டன்ரை இரத்தம்தானே அக்கா,” என்று இராயப்பு ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தார். “இதிலை இருங்கோ.”

8

இனி முடிவு. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், சிலை டோலனாகவே திறக்கப்படுகிறது. பிள்ளைகள் மாலை போடுகிறார்கள், எல்லாரும் கை தட்டுகிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. நடக்கக்கூடியது அதுதான். எழுதி முடித்த பிறகு எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை, வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

இன்னொன்றில், முகமே வேண்டாம், பெயர்க்கல் மட்டும் போதும் என்று சரோஜினிதேவி சொல்கிறா. நியாயமான முடிவு. ஆனால் அரியநாயகம் கேட்டதற்கு அது பதில் இல்லை. எங்களில் பெயர் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறவர்கள் ஏற்கனவே நிறையப் பேர்.

மூன்றாவதில் அவ அந்தக் கதிரையில் இருக்கிறா. கூச்சம்தான். தனக்குத்தானே சிலை வைச்சவள் என்று ஊர் சொல்லும். சொன்னாலும் பரவாயில்லை என்று தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு இருக்கிறா. இராயப்பு உளியை எடுத்துத் தாடியில் வைக்கிறார். முதல் துண்டு விழுகிறது. குறி கீறின நெற்றியை மட்டும் அப்படியே விடுகிறார்.

வாசலில் ஓட்டோ வந்து நிற்கிறது. தங்கையைத் தேடிக்கொண்டு வந்த அரியநாயகம் இறங்குகிறார். தாடி பாதி இல்லாத சிலையையும், கதிரையில் நிமிர்ந்து இருக்கிற தங்கையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“தேவி, எழும்பு.”

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை.”

“எழும்பு எண்டுறன். நீ என்ன, பூட்டனே?”

“நான் மட்டும் காணாதாம். நாடி சரியாம், மூக்குத்தான் என்னிலை அம்மான்ரையாம்.” பக்கத்தில் இன்னொரு கதிரை கிடக்கிறது. அதைக் காலால் அவர் பக்கம் தள்ளுகிறா. “அப்பு வழியிலை, பூட்டன்ரை பக்கத்தாலை வந்த மூக்கு உங்களிலைதான் இருக்கு. அதிலை இருங்கோ.”

அரியநாயகம் கதிரையைப் பார்க்கிறார்.

இதற்கு மேல் என்னால் ஏலாது. இரண்டு தரம் அவரை அதில் இருத்தினேன். இரண்டு தரமும் எழுப்பிவிட்டேன். இருத்தினால், இத்தனை வருசமாகக் கும்பிட்ட முகத்தை அவர் அவ்வளவு லேசாக விட்டுவிடுவாரா என்று சந்தேகம். எழுப்பினால், அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த ஒரே பதிலையும் அவரே தட்டிவிட்டுப் போகிறார். எனக்கு இரண்டும் பொறுக்கவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அரியநாயகம் அந்தக் கதிரையில் இருக்கிறாரா, இல்லையா? ‘அருமை’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இருக்கிறார் என்றால் என்ன நினைத்துக்கொண்டு இருக்கிறார் என்று எழுதுங்கள். இல்லை என்றால், கொத்தின அந்த இடத்தில் இனி யாருடைய முகம் என்று எழுதுங்கள். இராயப்பு சீமெந்தைக் குழைத்துவிட்டார். அது இறுக முன்னம் பதில் போடுங்கோ.